ஒன்ராறியோவில் தாதியாக விரும்புகிறவர்களுக்கு: எந்தப் படிப்பில் தொடங்குவது?

நேர்ஸ் ஆக விருப்பம் என்று சொன்னவுடன், இங்கே முன்பே வந்தவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "முதல்ல பி.எஸ்.டபிள்யு செய்யுங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம்." பி.எஸ்.டபிள்யு என்றால் முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் உதவியாளருக்கான படிப்பு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தும் அறிவுரை அல்ல. எங்கேயும் கட்டணம் கட்டுவதற்கு முன், உங்கள் கையில் ஏற்கெனவே என்ன படிப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

ஊரில் தாதியாகப் பதிவு பெற்று வேலை செய்தவரா? அப்படியானால் மறுபடி முதலாம் வருடத்தில் போய் உட்காராதீர்கள். ஒன்ராறியோவில் தாதியரைப் பதிவு செய்வது 'கொலிஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ' என்ற அமைப்பு. அது பாடம் நடத்தும் இடம் அல்ல; உரிமம் தரும் இடம். விண்ணப்பத்தை அங்கேதான் தொடங்க வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான விதிகள் அண்மைய ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டன. ஆகவே பத்து வருடத்துக்கு முன் வந்த அக்கா போன வழியை அப்படியே பின்பற்றாமல், அந்த அமைப்பின் இணையத்தளத்தில் இன்றைக்கு இருப்பதைப் பாருங்கள். படித்த இடத்திலிருந்தும் பதிவு செய்த சபையிலிருந்தும் ஆவணங்கள் வர நாளாகும். இன்றைக்கே கேட்டு வையுங்கள். ஆங்கிலத் தகுதிக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ் மட்டுமல்ல, தாதியருக்கென்றே கனடாவில் உருவான 'செல்பான்' தேர்வும் உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் கெயார் சென்ரர் வெளிநாட்டில் படித்த தாதியருக்கு உதவுவதற்கென்றே இயங்குவது. தயங்காமல் தொடர்பு கொள்ளுங்கள்.

வேறு துறையில் பல்கலைக்கழகப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகம் முன்பே பல்கலைக்கழகத்தில் படித்தவர்களை எடுத்து, இரண்டு வருடத்தில் தாதியர் பட்டம் தருகிறது. யோர்க் பல்கலைக்கழகத்திலும் இரண்டாம் பட்டமாகப் படிக்கலாம். போட்டி கடுமை. உடற்றொழிலியல், புள்ளிவிபரவியல் போன்ற பாடங்களை முன்கூட்டியே கேட்பார்கள்; இல்லாவிட்டால் அவற்றைத் தனியாக எடுத்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டும் இல்லாதவர்களுக்குத்தான் உண்மையான தெரிவு இருக்கிறது: ஆர்.பி.என் (பதிவு பெற்ற நடைமுறைத் தாதி) படிப்பதா, ஆர்.என் (பதிவு பெற்ற தாதி) படிப்பதா? ஆர்.பி.என் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா, முடிவில் ரெக்ஸ்-பி.என் என்ற பதிவுத் தேர்வு. ஆர்.என் நான்கு வருடப் பட்டம், முடிவில் என்கிளெக்ஸ்-ஆர்.என் என்ற பதிவுத் தேர்வு. 2005 இலிருந்து ஒன்ராறியோவில் ஆர்.என் ஆகப் பட்டம் கட்டாயம். இருவருமே பதிவு பெற்ற தாதியர், ஆர்.பி.என் வெறும் உதவியாளர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் வேலையில் வித்தியாசம் உண்டு. நிலை சட்டென்று மாறக்கூடிய, சிக்கலான நோயாளர்கள் ஆர்.என் பொறுப்பில் வருவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலும் ஆர்.என்கள்தான். சம்பளமும் அவர்களுக்குத்தான் கூட.

பதினெட்டு வயதுப் பிள்ளை, வீட்டுப் பொறுப்பு இல்லை என்றால் நேரே பட்டத்துக்குப் போகட்டும். முப்பது தாண்டி, குழந்தைகளோடு, நான்கு வருடம் உழைப்பில்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு என் எண்ணத்தில் ஆர்.பி.என் தான் நல்ல தொடக்கம். வேலை செய்துகொண்டே பிறகு ஆர்.என் ஆகலாம். நிப்பிசிங் பல்கலைக்கழகம் வேலை செய்யும் ஆர்.பி.என்களுக்காகவே, பெரும்பகுதியை வீட்டிலிருந்து படிக்கக்கூடிய பட்டப்படிப்பு ஒன்றை நடத்துகிறது.

இந்த இரண்டில் எதை எடுத்தாலும் பெரும்பாலும் 12 ஆம் வகுப்பு ஆங்கிலம், உயிரியல், இரசாயனவியல், கணிதம் என்று கேட்பார்கள். இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படித்தவர்கள் அந்தச் சான்றிதழைத் தகுதி மதிப்பீட்டுக்கு அனுப்பினால் சில பாடங்கள் தப்பலாம். இங்கே படிக்க வேண்டி வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பாடக் குறியீட்டின் கடைசி எழுத்து 'யு' என்றால் பல்கலைக்கழகத் தரம், 'சி' என்றால் கல்லூரித் தரம். 'சி' இலகு என்று எடுத்தவர்கள் பிறகு பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதே பாடத்தைத் திரும்பப் படிக்க நேர்கிறது. முடிந்தவரை 'யு' எடுங்கள். அதைக் கல்லூரியும் ஏற்கும். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் வளர்ந்தோர் பாடசாலைகளில் படிக்கலாம். வீட்டிலிருந்து என்றால் ரி.வி.ஓ நடத்தும் ஐ.எல்.சி என்ற தொலைக்கல்வி இருக்கிறது.

இனி பி.எஸ்.டபிள்யு. சுமார் எட்டு மாதம். விரைவில் சம்பளம் வரும். முதியோர் பராமரிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். உடனே வருமானம் தேவையான குடும்பத்துக்கு அது சரியான முடிவு. ஆனால் அது தாதியர் படிப்பின் முதலாம் வருடம் அல்ல. பிறகு ஆர்.பி.என் சேர்ந்தாலும் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே படிக்க வேண்டும். வேலையும் உடலை முறிக்கிற வேலை. இரவு வேலை முடித்து வந்து இரசாயனவியல் புத்தகம் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை முதலே யோசியுங்கள்.

பணத்துக்கு ஓசாப் என்ற ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவி இருக்கிறது: நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள், அகதியாக ஏற்கப்பட்டவர்கள், குடியுரிமை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். மாணவர் அனுமதியில் வந்தவர்களுக்கு இல்லை. ரொறன்ரோவை விட்டு நகரத் தயாரானவர்கள் 'லேர்ன் அன்ட் ஸ்ரே' மானியத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவில் குறிப்பிட்ட படிப்புகளுக்குக் கட்டணமும் புத்தகச் செலவும் கிடைக்கும். பதிலுக்கு, உதவி பெற்ற ஒவ்வொரு வருடத்துக்கும் ஆறு மாதம் அதே பிரதேசத்தில் வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அது கடனாக மாறிவிடும்.

வைத்தியசாலைப் பயிற்சி காலை ஏழு மணிக்கே தொடங்கலாம். பிள்ளைகளை யார் பாடசாலைக்கு விடுவார்கள் என்பதை அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள். தடுப்பூசிப் பதிவுகள், காசநோய்ப் பரிசோதனை, பொலிஸ் சான்றிதழ் எல்லாம் பயிற்சிக்கு முன் கேட்பார்கள்.

தனியார் கல்லூரி விளம்பரம் பார்த்துச் சேர்கிறவர்கள், அந்தத் தாதியர் படிப்பு மேலே சொன்ன பதிவு அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பட்டியல் அதன் இணையத்தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதில் பெயர் இல்லாத படிப்பை முடித்தால் பதிவுத் தேர்வு எழுதும் வழி கிடைக்காது.