'நம்ம ஆளுதானே' என்று சபைப் பணத்தைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சபைகளின் பணத்தைப் பராமரிப்பதற்கென்றே அறக்கட்டளைகள் இருக்கின்றன. சபைகளின் கட்டட நிதி, யாரோ உயில் எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பங்கு, கடன் பத்திரம், நிலம் என்று பிரித்துப் போடுகிறார்கள். வருகிற வருமானத்தில் சபைகளுக்கு மானியம் போகும், சிலர் ஆலயம் கட்டக் கடனும் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணம் கேட்கிறவரும் நம்மோடு ஜெபிக்கிறவர் என்றால் கணக்குக் கேட்க நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது, அங்கேதான் வினை.

அமெரிக்காவின் அரிசோனா பாப்டிஸ்ட் அறக்கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் தொடங்கியது, 1999 நவம்பரில் திவால் மனு போட்டது. ஏறக்குறைய 11,000 பேர் வட்டிக்காகப் போட்டிருந்த பணம், 50 கோடி டாலருக்கும் மேல் அதில் மாட்டிக்கொண்டது, அவர்களில் பலர் ஓய்வு பெற்ற முதியவர்கள். 1980களின் கடைசியில் அரிசோனாவில் நில விலை விழுந்தபோது, நஷ்டத்தை நஷ்டம் என்று எழுதாமல், தங்களுக்கு வேண்டியவர்கள் பெயரில் இருந்த கம்பெனிகளுக்கு அந்தச் சொத்துகளைக் குறையாத விலைக்கு விற்றதாகக் கணக்குக் காட்டினார்கள். வாங்கிய கம்பெனியிடம் காசே கிடையாது, 'பிறகு தருகிறோம்' என்று கடன் சீட்டு எழுதிக் கொடுத்ததோடு சரி. பழைய ஆட்களுக்கு வட்டி கொடுக்கப் புது ஆட்களின் பணம். இத்தனைக்கும் ஆடிட் செய்தது ஆர்தர் ஆண்டர்சன், அன்று உலகப் புகழ் பெற்ற ஆடிட் கம்பெனி! அவர்கள் 2002இல் 21.7 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள், அறக்கட்டளையின் தலைவரும் சட்ட ஆலோசகரும் 2006இல் மோசடிக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

ஆகவே 'ஆடிட் முடிந்துவிட்டது' என்ற பதிலோடு திருப்திப்படுவது முதல் தவறு. சொத்தை யார் வாங்கினார்கள், அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள் யார், பணமாக வந்ததா காகிதமாக வந்ததா என்று பொருளாளர் கேட்க வேண்டும். இன்னொன்று, இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் வாங்கும் 'டெபாசிட்' வங்கி டெபாசிட் இல்லை, வங்கிப் பணத்துக்கு இருக்கிற அரசுக் காப்பீடு இதற்குக் கிடையாது.

பெயர் தெரியாத புண்ணியவான்கள் உங்கள் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவார்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவில் நியூ எரா என்ற அறக்கட்டளை இப்படிச் சொல்லித்தான் கிறிஸ்தவ நிறுவனங்களிடமும் கல்லூரிகளிடமும் வசூலித்தது. 1995இல் சரிந்தபோது அப்படி ஒரு புண்ணியவானும் இல்லை என்று தெரிந்தது.

மோசடியே இல்லாமலும் பணம் போகும். இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்தை நிர்வகிக்கும் சர்ச் கமிஷனர்ஸ், குருமார்களின் சம்பளம், ஓய்வூதியம் என்று செலவுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடான வருமானத்தைத் தேடிக் கடன் வாங்கி ரியல் எஸ்டேட்டில் இறங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் சந்தை விழ, நிதியின் மதிப்பில் சுமார் 80 கோடி பவுண்டு காணாமல் போனது. கடைசியில், 1998க்குப் பிந்தைய ஊழியத்துக்கான ஓய்வூதியச் சுமையை அவர்களிடமிருந்து பிரிக்க வேண்டியதாயிற்று. பிறகு நிதி தேறி, ஆயிரம் கோடி பவுண்டைத் தாண்டியது வேறு கதை. செலவை முடிவு செய்துவிட்டு வருமானத்தைத் துரத்தக் கூடாது. பல அறக்கட்டளைகள் நிதியின் கடந்த சில ஆண்டுகளின் சராசரி மதிப்பில் ஆண்டுக்கு 4 அல்லது 5 சதவீதம் மட்டும் எடுப்பது இதற்காகத்தான்.

எங்கே போடுகிறோம் என்பதையும் பாருங்கள். 2013இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயராக, அதாவது கேன்டர்பரி பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பி, அநியாய வட்டிக்கடன் கம்பெனியான வோங்காவைப் போட்டியிட்டே ஒழிப்பேன் என்றார். அடுத்த நாளே, இன்னொரு நிதி வழியாகத் திருச்சபையின் பணமும் அதே வோங்காவில் இருப்பது வெளியானது. பலருடைய பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதியில் பணம் போட்டால் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று முழுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள், முதல் பத்துப் பெயர் போதாது.

மானியம் வாங்கும் சபைகளும் சறுக்குகின்றன. ஒரு முறை கிடைக்கும் மானியத்தை நம்பி நிரந்தரமாக ஆள் வைத்தால் மூன்றாம் வருடம் காணிக்கைப் பெட்டி அதைத் தாங்காது. படிப்புக்கென்று ஒருவர் கொடுத்த பணத்தைக் கூரை ஒழுகுகிறது என்று எடுப்பது இன்னும் மோசம், சட்டப்படியும் சிக்கல். நன்கொடை வாங்கும்போதே, அந்த நோக்கம் இல்லாமல் போனால் எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள், கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே.