செரோக்கி மக்களின் வெளியேற்றத்தை வகுப்பில் நடத்துவது எப்படி: டெல்டா மாவட்ட ஆசிரியர்களுக்கு

அமெரிக்காவின் தென்கிழக்கு மலைநாட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த செரோக்கி மக்கள், 1838-39ஆம் ஆண்டுகளில் ராணுவத்தைக் கொண்டு சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டு, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஒன்பதாம் வகுப்பு முதல் மேல்நிலை வரை வரலாறு நடத்தும் ஆசிரியர்களும், கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் நடத்துவோரும் இந்த வரலாற்றை நடத்தும்போது, அந்த நெடும்பயணத்திலிருந்து தொடங்காமல், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே எழுதப்பட்டுவந்த சட்டங்களிலிருந்தும் பத்திரங்களிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்ற சொற்கள் அன்றாடம் புழங்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, ஒரு மக்களின் நிலம் முதலில் காகிதத்தில் பறிபோய், பிறகுதான் காலடியிலிருந்து பறிபோனது என்பதைப் புரியவைப்பது கடினமல்ல.

முதல் வகுப்பு, அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு. இறகுக் கிரீடம் அணிந்த திரைப்படப் படங்களைக் காட்ட வேண்டாம். கரும்பலகையில் ஜார்ஜியா, டென்னசி, வட கரோலினா, அலபாமா ஆகிய மாநிலங்களை வரைந்து, அவை சந்திக்கும் மலைப்பகுதியைக் காட்டுங்கள். மக்காச்சோளம் பயிரிட்டு, பீச் மரத் தோப்புகளும் கால்நடைகளும் வைத்திருந்த அந்த மக்களில் ஒருவரான செக்கோயா, 1821இல் தம் மொழிக்கு எழுத்துகளை உருவாக்கி முடித்தார். அவற்றில் பெரும்பாலானவை நம் உயிர்மெய் எழுத்துகளைப் போல ஓர் அசையை முழுதாகக் குறிப்பவை. 1827இல் அவர்கள் எழுத்து வடிவில் அரசியல் சட்டம் இயற்றினார்கள். 1828இல் தலைநகரான நியூ எக்கோட்டாவிலிருந்து இருமொழிச் செய்தித்தாள் வெளிவந்தது.

இதே வகுப்பில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். செரோக்கியரில் வசதி படைத்த சிலர் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1835ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 16,500 செரோக்கியரும், அவர்களிடம் ஏறத்தாழ 1,600 அடிமைகளும் இருந்தார்கள். வெளியேற்றத்தில் அந்த அடிமைகளும் சேர்ந்தே துரத்தப்பட்டார்கள். பண்ணையாள் முறையின் நினைவு தாத்தா பாட்டிகளிடம் இன்னும் மங்காத நம் ஊர்களில், நிலம் பறிகொடுத்தவர்களுக்குக் கீழேயும் நிலமே இல்லாதவர்கள் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் கேட்காமலே புரிந்துகொள்வார்கள்.

அடுத்த வகுப்பில் காகிதங்களைக் கால வரிசையில் எழுதிப் போடுங்கள். ஜார்ஜியாவில் தங்கம் இருப்பது 1820களின் இறுதியில் தெரியவந்தது. பருத்தி விளைவிக்க நிலம் தேடியவர்களும் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மாநில அரசு செரோக்கி நிலத்தின் மேல் தன் சட்டமே செல்லும் என்று அறிவித்தது. 1830 மே 28 அன்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் வெளியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் அவையில் 102க்கு 97 என்ற வாக்குகளில் மட்டுமே அந்தச் சட்டம் நிறைவேறியது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று எந்த மாணவரும் முடிவுகட்டிவிட அது இடம் தராது.

நீதிமன்றக் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆனால் விட்டுவிடக் கூடாது. ஜார்ஜியாவின் அனுமதியின்றிச் செரோக்கி மண்ணில் தங்கியதற்காக நான்கு ஆண்டு கடுங்காவல் தண்டனை பெற்ற சாமுவேல் வொர்செஸ்டர் என்ற பாதிரியாரின் வழக்கில், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு செரோக்கியரைக் காப்பாற்றவில்லை. (வொர்செஸ்டரை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கம்தான் 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் பணி தொடங்கியது. தூர தேசத்துக் கதை என்று முகம் திருப்பும் மாணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.) தீர்ப்பு வந்த அதே ஆண்டில் ஜார்ஜியா அரசு, செரோக்கியர் குடியிருந்துகொண்டிருந்த நிலத்தை 160 ஏக்கர் துண்டுகளாகவும், தங்கம் உள்ள இடங்களில் 40 ஏக்கர் துண்டுகளாகவும் அளந்து, வெள்ளையருக்குக் குலுக்கல் முறையில் வழங்கத் தொடங்கியது. செரோக்கியரின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் 1835இல் வாஷிங்டனிலிருந்து திரும்பியபோது, குலுக்கலில் சீட்டு விழுந்தவர் அவருடைய வீட்டிலேயே குடியேறியிருந்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில், செரோக்கி தேசத்தின் ஒப்புதல் பெறாத ஒரு சிறு செரோக்கிக் குழுவினர் 50 லட்சம் டாலருக்கு நிலம் முழுவதையும் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதற்கு எதிராக ஆயிரக்கணக்கானோரின் பெயர்களோடு மனு போயும், ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் தோற்றிருக்கும் என்ற நிலையில் அமெரிக்க செனட் அவை அதை ஏற்றது. கையெழுத்திட்டவர்களைத் துரோகிகள் என்று வகுப்பில் முத்திரை குத்தாமல், இனி தப்பிக்க வழியில்லை என்று மேஜர் ரிட்ஜ் போன்ற செரோக்கித் தலைவர்கள் ஏன் நம்பினார்கள் என்பதை விவாதிக்க விடுங்கள்.

மூன்றாம் வகுப்புக்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றைச் சுருக்கியாவது இதைச் செய்யுங்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசின் மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு செரோக்கிக் குடும்பத்தின் வீட்டுக்கும் போய், வீடு, சோளக் களஞ்சியம், வேலி, உழுத நிலம், பீச் மரம், ஆப்பிள் மரம் என்று பட்டியலிட்டு விலை எழுதினார்கள். உங்கள் மாணவர்களையும் தங்கள் வீட்டை அப்படிப் பட்டியலிடச் சொல்லுங்கள்: கொல்லையில் எத்தனை தென்னை, மாட்டுக் கொட்டகையின் நீளம், வைக்கோற்போர், அடிபம்பு, பத்தாயம். எழுதி முடித்ததும், பட்டியலில் ஏறாதவை எவை என்று கேளுங்கள். வாய்க்காலில் வரும் முறைத் தண்ணீர், குலதெய்வக் கோயில், பாட்டியைப் புதைத்த இடம், ஒத்தாசைக்கு வரும் பக்கத்து வீட்டார் என்று பதில்கள் வரும். அவற்றையும் பலகையில் எழுதி, விலைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கண்டிப்பான எச்சரிக்கை ஒன்று: தாள்களை வாங்காதீர்கள், உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். வகுப்பில் சிலருக்குப் பத்து ஏக்கர் நஞ்சை இருக்கலாம். சிலர் வாய்க்கால் புறம்போக்கில் பட்டா இல்லாமல் குடியிருக்கலாம். இந்தப் பயிற்சி எந்தப் பிள்ளையையும் கூச வைக்கக் கூடாது.

அதன் பிறகுதான் 1838க்கு வர வேண்டும். வெளியேறுவதற்கு ஒப்பந்தப்படி தரப்பட்டிருந்த மே மாதக் கெடு முடிந்ததும், ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் கீழ் ஏறத்தாழ 7,000 பேர் கொண்ட படை வீடு வீடாகப் போய் மக்களைப் பிடித்து, மரச்சுவர் அடைப்புகளிலும் முகாம்களிலும் அடைத்தது. வறட்சியான அந்தக் கோடையில் வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் முகாம்களில் பலரைக் கொன்றன. இலையுதிர் காலத்தில், ராஸின் பொறுப்பில், பெரும்பாலோர் குழுக் குழுவாகக் கால்நடையாகவும் வண்டிகளிலும் கிளம்பினார்கள். தூரத்தை உணர்த்த, சென்னையிலிருந்து மும்பை வரை ரயில் பாதையைப் படத்தில் காட்டினால் போதும். ஏறத்தாழ அவ்வளவு, 1,300 கிலோமீட்டர் அளவு. குளிரை உணர்த்துவதுதான் நமக்குச் சிரமம். மார்கழிப் பனி தவிர வேறு குளிர் அறியாத பிள்ளைகளுக்கு, மிசிசிப்பியில் பனிக்கட்டிகள் மிதந்து படகு விட முடியாமல், பல குழுக்கள் கரையில் கூடாரங்களில் வாரக்கணக்கில் கிடந்ததை நிறுத்தி விளக்குங்கள். கடைசிக் குழு 1839 மார்ச்சில் போய்ச் சேர்ந்தது. இறந்தவர் ஏறத்தாழ 4,000 பேர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது மதிப்பீடு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நடந்து காட்டுவது, மூட்டை சுமப்பது போன்ற நடிப்புகள் வேண்டவே வேண்டாம்.

மீத்தேன் எதிர்ப்புப் போராட்டத்தையும், டெல்டாவை வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தையும் யாரேனும் இழுப்பார்கள். இழுக்கட்டும், ஆனால் எது ஒத்திருக்கிறது, எது ஒத்துப்போகவில்லை என்று இரண்டையும் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். வாக்குரிமை உள்ள விவசாயிகளின் போராட்டமும், நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கு கூட இல்லாத தேசத்தின் வழக்கும் ஒன்றல்ல.

செரோக்கியர் அழிந்துபோனவர்கள் என்ற எண்ணத்தோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். ஓக்லஹோமாவின் டாலக்குவா இன்று 4 லட்சத்துக்கு மேற்பட்ட குடிமக்களைக் கொண்ட செரோக்கி தேசத்தின் தலைநகரம். அதே ஊரில் கீட்டூவா என்ற இன்னொரு செரோக்கிக் குழுவினரின் தனி அரசும் உண்டு. மலைகளில் தங்கிவிட்டவர்களின் வழிவந்தோர் வட கரோலினாவில் இன்றும் வாழ்கிறார்கள். தேர்வு வைத்தால் இறந்தவர் எண்ணிக்கையைக் கேட்காமல், எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்திட்டார், அவருக்கு அந்த உரிமையை யார் கொடுத்தார் என்று கேளுங்கள்.