லேசர் படகில் இன்றைக்கு எந்தப் பாயை ஏற்றுவது?

லேசர் என்று எல்லோரும் சொல்லும் ஒற்றையாள் பாய்மரப் படகுக்கு 2019 முதல் இல்கா என்று பெயர். படகின் உடல் ஒன்றுதான்: நீளம் சுமார் 4.2 மீட்டர், எடை சுமார் 59 கிலோ. அதன்மேல் மூன்று அளவுப் பாய்களில் எதையும் பூட்டலாம். இல்கா 4-க்கு 4.7 சதுர மீட்டர், 6-க்கு சுமார் 5.7, 7-க்கு 7.06. டோக்கியோ, பாரீஸ் ஒலிம்பிக் இரண்டிலும் இந்தியாவின் நேத்ரா குமணன் ஓட்டியது இல்கா 6, விஷ்ணு சரவணன் ஓட்டியது இல்கா 7.

இந்தப் பாய்க்கு ஏற்றி இறக்கும் கயிறு கிடையாது. சட்டைக் கைபோலத் தைத்த உறையை மாஸ்ட்மேல் (பாய்மரம்) மாட்டுகிறோம். அதனால் நடுக்கடலில் பாயை மாற்ற வழியில்லை. கரையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

படி 1: ஈர எடை

லைஃப் ஜாக்கெட், நனைந்த உடை எல்லாம் சேர்த்துக் கணக்கிடுங்கள். 65 கிலோ ஆள் தண்ணீரில் 68, 69 ஆகிவிடுவார். படகைச் சாயாமல் பிடித்து வைப்பது இந்த எடைதான்.

படி 2: காற்று (அவசரப்படாமல் செய்யவேண்டியது இதுதான்)

வானிலைச் செயலியில் பெரிய எழுத்தில் தெரியும் எண் சராசரி வேகம். பக்கத்தில் சின்னதாக இருக்கும் வீச்சு வேகத்தை (திடீரென ஏறி அடங்கும் காற்றின் உச்ச வேகம், gust) பாருங்கள். பாயின்மேல் விழும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும்: 10 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு, மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) 14 ஆனாலே விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சராசரி 9, வீச்சு 15 என்றால், அது 15 நாட் நாள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடலைப் பாருங்கள். அலை முகட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை தெரிந்தால் சுமார் 10 நாட். திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளை என்றால் 17-க்கு மேல்.

ஏமாற்றுவது கரைக்காற்று. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காலைக் காற்றைக் கட்டடமும் மரமும் மறைத்துவிடும்; நிற்கும் இடத்தில் சட்டைகூட ஆடாது, 300 மீட்டர் தள்ளிப் பலமாக வீசும். அதுவும் உங்களைக் கரையைவிட்டு வெளியே தள்ளும். இப்படிப்பட்ட நாளில் ஒரு அளவு சின்னப் பாய் போடுங்கள், துணைப் படகு இல்லாமல் போகாதீர்கள். சென்னைக் கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பிவிடும் என்பதால், 11 மணிக்கு இறங்குபவர் அப்போதுள்ள காற்றுக்குப் பாய் தேர்ந்தெடுத்தால் போதாது. 2 மணிக்கு வரப்போகும் காற்றுக்கும் அது தாங்க வேண்டும்.

படி 3: இரண்டையும் பொருத்துங்கள்

புதிதாக ஓட்டுபவருக்கு என் கணக்கு இது. பந்தயம் ஓட்டுபவர்கள் இதைவிடத் துணியலாம். 70 கிலோவுக்கு அருகில் என்றால் வீச்சு 10 நாட் வரை இல்கா 7, 15 வரை இல்கா 6, 18 வரை இல்கா 4. 60-க்குக் கீழே என்றால் 10 வரை 6, 14 வரை 4. 80-க்கு மேல் என்றால் 12 வரை 7, 16 வரை 6. அதற்கு மேல் படகை இறக்க வேண்டாம்.

சின்னப் பாய் எப்போதும் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். 85 கிலோ ஆள் 6 நாட் காற்றில் 4-ஐப் போட்டால், திருப்பும்போது அலை முட்டிப் படகு காற்றுக்கு எதிரே நின்றுவிடும்.

படி 4: பாயோடு கீழ் மாஸ்ட்டையும் மாற்றுங்கள்

மேல் மாஸ்ட்டும் பூமும் (பாயின் அடியில் கிடையாக நீளும் கம்பு) மூன்றுக்கும் பொது. கீழ் மாஸ்ட் மட்டும் வேறு. 6-க்கு உரியது 7-ஐவிடச் சுமார் 60 செ.மீ. குட்டை, 4-க்கு உரியது இன்னும் குட்டை, பின்பக்கம் லேசாக வளைந்தும் இருக்கும். அது பழுதல்ல, நிமிர்த்த முயலாதீர்கள். 6-இன் பாயை 7-இன் மாஸ்ட்டில் மாட்டினால் பின்மூலை பூமுக்கு எட்டாமல் அந்தரத்தில் தொங்கும்.

மாஸ்ட்டைக் குழியில் இறக்கும் முன் இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மணல் ஒட்டியிருந்தால் மாஸ்ட் சுழலும்போதெல்லாம் அது உப்புத்தாள்போல் அராவும். நாளடைவில் குழியின் அடி ஓட்டையாகிப் படகுக்குள் தண்ணீர் ஏறும். பிறகு மாஸ்ட்டை மேல்தளத்தோடு கயிற்றால் கட்டுங்கள். கட்டாவிட்டால் படகு தலைகீழாகும்போது கழன்று போய்விடும்.

படி 5: மூன்று கயிறுகள்

மிதமான காற்றில் பாயின் அடிவிளிம்புக்கும் பூமின் நடுவுக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். காற்று ஏறினால் அவுட்ஹாலை (பாயின் பின்மூலையைப் பூமின் நுனிப்பக்கம் இழுக்கும் கயிறு) இழுத்து நாலு விரல் அகலத்துக்குக் குறையுங்கள். கன்னிங்ஹாமை (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு), மாஸ்ட்டை ஒட்டிய குறுக்குச் சுருக்கங்கள் மறையும்வரை இழுங்கள்; பாயின் மேல்பகுதி திறந்து காற்றை விட்டுவிடும்.

வேங்கில்தான் (பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு) பலரும் மாட்டுகிறார்கள். தளர்ந்திருந்தால், மெயின் ஷீட்டை (பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் கையில் பிடிக்கும் கயிறு) விடும்போது பூம் வெளியே போகாமல் மேலே தூக்கும், விசை குறையாது. மிகவும் இறுக்கினாலோ பூம் தாழ்ந்து, திரும்பும்போது தலையில் இடிக்கும். பலத்த காற்றில் இறுக்கி ஓட்டுங்கள், ஆனால் காற்றின் போக்கில் திரும்பும் முன் ஒரு கை அளவு தளர்த்துங்கள். மறந்தால் பூமின் நுனி தண்ணீரில் குத்தி, அதே நொடியில் படகு கவிழும்.

பிற்சேர்க்கை: ‘7-இன் பாய் மட்டும்தான் இருக்கிறது, காற்று கூடிவிட்டது’ என்றால்: பூமையும் கன்னிங்ஹாமையும் கழற்றி, மாஸ்ட்டை ஓரிரு சுற்றுச் சுழற்றுங்கள், பாய் அதன்மேல் சுருண்டு பரப்பு குறையும். பிறகு பூமை மாட்டி, அவுட்ஹாலை இறுக்குங்கள். வடிவம் கெட்டிருக்கும், காற்றை நோக்கி ஏறுவது கடினம். கரை சேர இது உதவும். புறப்படுவதற்கு முன்பே இப்படிச் சுற்றவேண்டி வந்தால் அன்று இறங்காதீர்கள்.