லென்ஸ் மூடாத மூலைகள்: 6×17 அகலப் படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்புத்தளை முகட்டில் நின்று தெற்கே பார்த்தால் முன்னால் விரிவதெல்லாம் அகலம்தான். மேலே இருக்கும் வானம் பாதி நாள் வெறும் வெள்ளை. அதைச் சாதாரணச் சட்டத்துக்குள் வைத்தால் படத்தின் பாதி வீணாகிவிடும். 6×17 சென்ரிமீற்றர் பிலிமுக்கு இதைவிடப் பொருத்தமான நாடு கிடைப்பது அரிது. பழைய 4×5, 5×7 அங்குலக் கமராவைத் தேடிப் பிடித்து, அதன் பின்னால் 6×17 ரோல் பிலிம் பின்பகுதியைப் பூட்டி இந்த வேலையில் இறங்குகிற தம்பிமார் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, 90 லென்ஸ் போதுமா?"

90 என்ற எண்ணை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அது மி.மீ. இல் சொல்லும் குவியத் தூரம், அவ்வளவுதான். லென்ஸ் எதுவானாலும் பிலிம் மீது ஒளியை ஒரு வட்டமாகத்தான் விழுத்தும். நாம் பார்க்க வேண்டியது அந்தப் பட வட்டத்தின் விட்டம். 6×17 என்று சொன்னாலும் சட்டத்தின் உண்மையான அளவு ஏறக்குறைய 56×168 மி.மீ. அதன் மூலைவிட்டம் 177 மி.மீ. வட்டம் இதைவிடச் சிறியதாக இருந்தால் படத்தின் இரண்டு முனையும் கறுத்துவிடும். 120 ரகப் பிலிம் ரோல் ஒன்றில் 6×17 படம் நாலுதான் விழும் என்பதை நினைத்துப் பாருங்கள், இந்தக் கணக்கின் அருமை புரியும்.

ஷ்னைடரின் 90 மி.மீ. அங்குலோன் எஃப் 6.8 லென்ஸின் (எஃப் எண் துளையின் அளவைக் குறிக்கும்; எண் கூடினால் துளை சிறிது) வட்டம் சுமார் 154 மி.மீ. அதே நிறுவனத்தின் 90 மி.மீ. சூப்பர் அங்குலோன் எஃப் 8 இன் வட்டம் 216 மி.மீ. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவதை விற்பவர் "4×5 ஐ மூடும்" என்பார். அது பொய்யில்லை, 4×5 பிலிமின் மூலைவிட்டம் 153 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. ஆனால் 6×17 க்கு அது உதவாது. குவியத் தூரம் கூடினால் வட்டமும் கூடும் என்று நம்பி டெலி லென்ஸ் வாங்குவது இன்னொரு பிழை. நிக்கோர் டி 270 மி.மீ. லென்ஸின் வட்டம் வெறும் 160 மி.மீ. அதைவிடக் குவியத் தூரம் குறைந்த ஃபுஜினான் 250 மி.மீ. எஃப் 6.7 இன் வட்டமோ 398 மி.மீ.; 8×10 பிலிமையே தாராளமாக மூடும்.

சரி, 177 கிடைத்துவிட்டது, வாங்கிவிடலாமா? இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். 177 என்பது லென்ஸ் அசையாமல் நடுவில் நின்றால் மட்டும் போதுகிற அளவு. மலையகத்தில் லென்ஸை அப்படி நிறுத்தி வைத்துப் படமெடுக்க வாய்ப்பதில்லை. ஒரு தேயிலைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று நாலு மாடி, நெடுகிலும் ஜன்னல் வரிசை. கட்டடம் மேட்டில், நாம் நிற்கும் றோட்டு கீழே. கமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் உள்ளே சாய்ந்து, ஜன்னல்கள் மேலே போகப்போக நெருங்கிவிடும். கமராவை மட்டமாக வைத்து லென்ஸை மட்டும் உயர்த்துவதே வழி. உயர்த்தும்போது வட்டத்தில் கூடுதல் இடம் வேண்டும்.

எவ்வளவு கூடுதல்? சட்டத்தின் பாதி அகலம் 84, பாதி உயரம் 28. உயர்த்தும் அளவை 28 உடன் கூட்டுங்கள். வந்த எண்ணின் வர்க்கத்தையும் 84 இன் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். 10 மி.மீ. உயர்த்த 184 மி.மீ. வட்டம் வேண்டும். 20 மி.மீ. என்றால் 193 அல்லது 194, 30 மி.மீ. என்றால் 204. அகலச் சட்டத்தின் பெரிய அனுகூலம் இதுதான்: மேலே கீழே நகர்த்துவதற்கு வட்டம் கொஞ்சம்தான் செலவாகும். அதே 20 மி.மீ. ஐப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், தேவை 215 க்கு மேல் ஏறிவிடும். நமக்கு அதிகம் வேண்டியது மேல் கீழ் அசைவுதான். மேல் றோட்டில் நின்று பள்ளத்தில் இருக்கும் லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) எடுக்க லென்ஸை இறக்கினாலும் இதே கணக்குத்தான்.

இந்தக் கணக்குப்படி 90 சூப்பர் அங்குலோன் எஃப் 8 ஐ 40 மி.மீ. வரை உயர்த்தலாம். 75 மி.மீ. சூப்பர் அங்குலோன் எஃப் 5.6 இன் வட்டம் 198 மி.மீ., அதற்கு 24 மி.மீ. தான் கிடைக்கும். 65 மி.மீ. லென்ஸ்கள் பல 170 மி.மீ. யோடு நின்றுவிடுகின்றன, அவற்றை 6×17 க்கு நினைக்கவே வேண்டாம். காலடித் தேயிலை முதல் தூரத்து மலை வரை கூர்மையாக வேண்டும் என்று லென்ஸை முன்னால் சாய்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாய்த்தால் வட்டமும் நகரும். 90 மி.மீ. லென்ஸில் 5 பாகை சாய்த்தால் ஏறக்குறைய 8 மி.மீ., 180 இல் 16 மி.மீ.

அடுத்தது, நிறுவனங்கள் கொடுக்கும் வட்ட அளவு பொதுவாக எஃப் 22 இல், தூரத்தை நோக்கிக் குவித்த நிலைக்குரியது. துளையை முழுக்கத் திறந்தால் கூர்மை நிற்கும் வட்டம் சுருங்கும். ஒளி படும் வட்டமும் கூர்மையான வட்டமும் ஒன்றல்ல. பொகவந்தலாவை சென் மேரி தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் (1879 இல் திக்கோயாப் பக்கம் காலமானவர்) ஆரம்பத்தில் பாவித்தது பெட்ஸ்வால் வகை லென்ஸ். நடுவில் கூர்மை, ஓரத்தில் குழைவு. முகங்களை எடுத்த அவருக்கு அது அழகாகப் பொருந்தியது. மலைத்தொடர் எடுக்கிற நமக்குப் பொருந்தாது.

கையில் கிடைத்த லென்ஸை ஒரு பிலிமும் செலவழிக்காமல் சோதிக்கலாம். ரோல் பின்பகுதியைப் பூட்டி, பிலிம் போடாமல் அதன் கதவைத் திறந்து விடுங்கள். ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, துளையை எஃப் 22 க்குக் கொண்டு வாருங்கள். கண்ணைச் சட்டத்தின் மூலைக்குக் கொண்டுபோய் லென்ஸைப் பாருங்கள். துளை முழுசாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு ஒளி தடையில்லாமல் வருகிறது. இனி லென்ஸை மெதுவாக உயர்த்துங்கள். துளையின் ஓரத்தைக் குழலின் விளிம்போ பெல்லோஸின் (லென்ஸையும் பின்பகுதியையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியின்) மடிப்போ கடிக்கத் தொடங்கும் இடம்தான் உங்கள் எல்லை. அதை ஸ்கேலால் அளந்து குறித்து வையுங்கள். பில்டரையும் ஹூட்டையும் மாட்டி இன்னொரு தடவை பாருங்கள், பல நேரம் ஒளியை மறைப்பது அவைதான். மூலையின் கூர்மையை மட்டும் இந்தச் சோதனை காட்டாது. அதற்குப் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

4×5 கமராவில் 6×17 பின்பகுதியைப் பூட்டுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. லென்ஸின் வட்டம் எவ்வளவு பெரிதானாலும் ஒளி கமராவின் 120 மி.மீ. அகலப் பின் வாசல் வழியாகத்தான் வந்து, 168 மி.மீ. பிலிமில் விரிய வேண்டும். பிலிம் அந்த வாசலுக்கு 50 மி.மீ. பின்னால் இருக்கிறதென்றால், சுமார் 175 மி.மீ. க்கு மேற்பட்ட லென்ஸில் வாசலே இரண்டு முனையையும் வெட்டிவிடும். நீண்ட லென்ஸ் வேண்டுமென்றால் 5×7 கமராதான் சரி.

வட்டத்துக்குள் எல்லா இடத்திலும் ஒளி ஒரே அளவில் விழும் என்று எண்ணுவதும் தவறு. கோட்பாட்டுப்படி 90 மி.மீ. லென்ஸில் 6×17 இன் மூலைக்கு நடுவில் விழும் ஒளியில் கால்வாசிதான் போய்ச் சேரும். நவீன அகலக் கோண லென்ஸ்களில் நிலைமை கொஞ்சம் நல்லது, குறைவு ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதியாகும்) அளவில் நிற்கும். பச்சைக் கொழுந்து நிறைந்த படத்தில் இது அவ்வளவாக உறுத்தாது. ஆனால் ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கு மேலே மூடுபனி ஏறிய பிறகு எடுத்தால், அந்த வெள்ளை இரண்டு பக்கமும் அழுக்குச் சாம்பலாகிவிடும். நடுவில் மட்டும் ஒளியைக் குறைக்கும் சென்டர் பில்டர் போட்டால் தீரும், அதற்கு விலையாக ஒன்றரை ஸ்டொப் போகும். அடர்ந்த மேகத்தில் 100 ஐ.எஸ்.ஓ. பிலிம், எஃப் 22 என்றால் 1/8 நொடி. பில்டரோடு அது 1/3 நொடி ஆகிறது. காற்றில் ஆடும் தேயிலைக்கு அது அதிகம்.

அதனால் மூடுபனிக்காகவும் தூரத்து முகடுகளுக்காகவும் வாங்குபவர்களுக்கு நான் 90 ஐச் சொல்வதில்லை. 5×7 உடலில் 180 மி.மீ. போதும். நிக்கோர் டபிள்யூ 180 இன் வட்டம் 253 மி.மீ., மூலையில் ஒளிக் குறைவு அரை ஸ்டொப்பைச் சற்றே தாண்டும், பில்டர் தேவையில்லை. மஸ்கெலியாவிலிருந்து சிவனொளிபாத மலையை எடுக்கும்போது 90 இல் அது சிறு மேடாகச் சுருங்கிவிடும். 180 இல் இரண்டு மடங்கு பெரிதாகும், பக்கத்து மலைகளும் கூடவே நிற்கும். ஒரு தொழிற்சாலையையோ ஓடைக் கரையையோ கிட்ட நின்று எடுப்பவர்கள் 90 எஃப் 8 க்குப் போகலாம். எதை வாங்கினாலும் பணம் கட்டுமுன் விற்பவரிடம் லென்ஸின் முழுப் பெயரையும் முகப்பில் பொறித்திருக்கும் எஃப் எண்ணையும் படமாகக் கேட்டு வாங்கி, அந்த மாதிரிக்கு நிறுவனம் கொடுத்த வட்ட அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.