எழுத்துரு கையில் இருந்தும் ‘கெ’ மட்டும் ஏன் உடைகிறது?

என் முதல் தமிழ் எழுத்துருவில் ‘கெ’ என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. வரைந்த வடிவத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தினேன். கோளாறு அங்கே இல்லை. யுனிகோடில் ககரம் முதலில், கொம்பு அடுத்து. அதை முன்னால் நகர்த்துவது எழுத்துருவின் வேலை அல்ல, கணினியின் உருவமைப்பு இயந்திரத்தின் (எழுத்துகளை வரிசைப்படுத்தித் திரையில் காட்டும் மென்பொருளின்) வேலை. ஆனால் எழுத்துரு தமிழுக்கானது என்று அந்த இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். நானோ, ஓர் எழுத்து வடிவத்துக்குப் பதில் இன்னொன்றைக் காட்டச் சொல்லும் மாற்று விதிகளை, எந்த மொழியையும் குறிக்காத பொதுக் குறியீட்டின் கீழ் மட்டும் எழுதியிருந்தேன். ‘டிஎம்எல்2’ என்ற தமிழ்க் குறியீட்டின் கீழும் சேர்த்ததும் கொம்பு இடம் பிடித்தது. ‘கொ’, ‘கோ’ உடைந்தாலும் முதலில் இங்கேதான் பாருங்கள்.

அடுத்து, ககரத்தின் துளை கருப்பாக அடைந்துபோகிறதா? உள்கோடும் வெளிக்கோடும் ஒரே திசையில் ஓடுகின்றன. ட்ரூடைப் என்ற எழுத்துரு வடிவத்தில் வெளிக்கோடு கடிகாரத் திசையிலும் உள்கோடு எதிர்த்திசையிலும் செல்ல வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு உருவாக்கும் மென்பொருளில் ‘திசையைத் திருத்து’ கட்டளை இதை நொடியில் சரிசெய்யும்.

விண்டோஸில் மட்டும் ‘கீ’யின் சுழி மேலே வெட்டுப்பட்டால், ‘வின் அசென்ட்’ என்ற மேல் எல்லை அளவை உங்கள் மிக உயரமான எழுத்துக்கு மேலே வையுங்கள். ‘ஞூ’வின் வால் வெட்டுப்பட்டால் ‘வின் டிசென்ட்’ என்ற கீழ் எல்லை அளவைக் கூட்டுங்கள். ஆங்கில (லத்தீன்) எழுத்துகளுக்கு வைக்கும் அளவு தமிழுக்குப் பெரும்பாலும் போதாது.

திருத்தியும் பழைய வடிவமே தெரிகிறதா? கணினி தற்காலிகச் சேமிப்பில் வைத்திருக்கும் பழைய படி அது. ஒவ்வொரு சோதனைக்கும் எழுத்துருப் பெயரில் ஓர் எண்ணைக் கூட்டி நிறுவுங்கள்.