கத்தரி நாற்றை வெயிலுக்குப் பழக்குவது எப்படி? இலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டே செய்யலாம்

வேலூர் வெயிலில் நட்ட மறுநாளே கத்தரி நாற்று தலை சாய்ந்துவிடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். குறை பெரும்பாலும் உரத்தில் இல்லை. நிழல்வலைக்குள் வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாற்றுக்கு வெயிலே தெரியாது. நடுவதற்கு முன்பே அதைக் கொஞ்சம் வாட்டிப் பழக்க வேண்டும்.

முதலில் காரணம்

மண் காய்ந்தால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே வருவது குறையும். சூரிய ஒளி மட்டும் குறையாது. பிடித்த ஆற்றலைச் செலவழிக்க வழியில்லாமல் எலக்ட்ரான்கள் ஆக்சிஜன்மேல் பாய, சூப்பர்ஆக்சைடும் அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. மிஞ்சினால் இவை செல்லையே அரித்துவிடும். அதனால் வெகுகாலம் இவற்றை வெறும் நஞ்சாகத்தான் பார்த்தார்கள்.

ஆனால் செடி இவற்றை வேண்டுமென்றே செய்யவும் செய்கிறது! செல் சவ்வில் அதற்கென்றே ஒரு நொதி உண்டு. வறட்சியில் சுரக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் அதைத் தூண்டும், பிறக்கும் பெராக்சைடு இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்களுக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும், துளை மூடும். ஓர் இலையில் எழுந்த சேதி மற்ற இலைகளுக்கும் போகும். பாலாற்றில் வெள்ளம் வந்தால் மேலூர்க்காரர் கீழூருக்குச் சொல்லி அனுப்புவதுபோல, ஒவ்வொரு செல்லும் அடுத்த செல்லைத் தூண்டும். கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில் இந்த அலை நிமிடத்துக்குச் சுமார் 8 செ.மீ. ஓடுவதை 2009-இல் ரான் மிட்லரின் குழு காட்டியது. சேதி கிடைத்த செல்கள் கேட்டலேஸ் போன்ற காப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்ளும். நாற்றைப் பழக்குவதில் நாம் நம்பியிருப்பது இதைத்தான்.

படி 1: தண்ணீரைக் குறையுங்கள்

நடவுக்கு ஒரு வாரம் முன்பு தொடங்குங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளு கத்தரிக்கும் இதேதான். குழித்தட்டில் தென்னைநார் மேலே வெளுத்துக் காய்ந்தபின் மட்டும் பூவாளியால் ஊற்றுங்கள்.

படி 2: வெயிலைக் கூட்டுங்கள்

முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம். பிறகு நாளுக்கு நாள் கூட்டி, கடைசியில் முழு நாள்.

இங்கேதான் கண் வேண்டும். உச்சிவேளையில் அடியிலைகளின் ஓரம் லேசாகத் தொங்கி, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் அளவு சரி. மாலையிலும் நிமிராவிட்டாலோ, குருத்து வளைந்தாலோ, எல்லை தாண்டிவிட்டது. உடனே தண்ணீர் ஊற்றி நிழலுக்குக் கொண்டுபோங்கள். பழகிய நாற்றின் தண்டை விரலால் தொட்டால் விறைப்பாக இருக்கும். இலை சற்றுத் தடித்துக் கரும்பச்சையாகும்.

படி 3: காப்பு நொதியைக் கண்ணால் பாருங்கள்

விருப்பம் இருந்தால் செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல வேலை. இரண்டு இலைகளைச் சிறிது தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, சாற்றை இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றை மட்டும் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். இரண்டிலும் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு தேக்கரண்டி விடுங்கள். கொதிக்காத சாறு நுரைத்து ஏறும்: கேட்டலேஸ் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. கொதித்த சாறு நுரைக்காது. சூட்டில் நொதி கெட்டுவிட்டது. பெராக்சைடு விரலில் பட்டால் தோல் வெளுத்து எரியும், கையுறை போடுங்கள். நுரையின் உயரத்தை வைத்து எந்த நாற்று நன்றாகப் பழகியது என்று முடிவுகட்டாதீர்கள். அதற்கு ஆய்வகம் வேண்டும்.

பெராக்சைடு சேதி சொல்கிறது என்பதற்காக அதையே செடிக்கு ஊற்றிவிடவும் வேண்டாம். செடி தானே செய்வது மிகச் சிறிய அளவு, அதுவும் தேவையான இடத்தில் மட்டும்.

படி 4: நடவு

முந்தின நாள் நாற்றுக்கு நன்றாகத் தண்ணீர் காட்டி, மாலை 4 மணிக்கு மேல் நடுங்கள். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர்.