கிராத்திஸ் கோட்டைக்குச் செல்வோர் செய்யும் தவறுகள்

சென்ற ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளந்தம்பதியர் தங்கள் சனிக்கிழமைத் திட்டத்தை என்னிடம் காட்டினார்கள். காலை பத்து மணிக்குக் கிராத்திஸ், பன்னிரண்டுக்கு டிரம், இரண்டுக்குக் காசில் ஃபிரேசர், நான்கரைக்குக் கிரெய்கிவார் என்று நான்கு கோட்டைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதியிருந்தார்கள். கையெழுத்து மட்டுந்தான் வேறு. மற்றபடி, இந்த ஊருக்கு வந்த முதல் ஆண்டில் நான் எழுதிய அதே தாள் அது. அதன் பிறகு உறவினரையும் நண்பரையும் எத்தனையோ முறை கிராத்திஸுக்கு அழைத்துச் சென்றுவிட்டேன். பொருள்களைத் தொடாதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்பவற்றை வாசலிலேயே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘கோட்டை’ என்ற சொல்லை நம்புவது

நமக்குக் கோட்டை என்றால் செஞ்சியும் வேலூரும்தான் நினைவுக்கு வரும். அகழியையும் நீண்ட மதிலையும் தேடி வருபவர்கள், மரங்களுக்கு நடுவே ஒற்றையாக உயர்ந்து நிற்கும் கிராத்திஸைக் கண்டதும் “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிடுகிறார்கள். இது கோபுர வடிவில் கட்டப்பட்ட ஒரு குடும்பத்தின் வீடு. 1553இல் தொடங்கி 1596இல் முடிக்கப்பட்ட இதில் பர்னெட் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். பிறகு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். 1323இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் த புரூஸ் இக்குடும்பத்துக்கு நிலம் வழங்கியதன் அடையாளமாகச் சொல்லப்படும் தந்தத்தாலான ஊதுகொம்பு, மண்டபத்தில் கணப்படுப்புக்கு மேலே இருக்கிறது. பாதிப்பேர் அதை ஏறிட்டுப் பார்க்காமலேயே கடந்துவிடுகிறார்கள்.

ஏறிட்டுப் பார்ப்பதுதான் இங்கே முக்கியம். இந்த வீட்டின் செல்வம் கூரையில் இருக்கிறது. ஓர் அறையின் மரக்கூரையில் ஹெக்டர், அலெக்சாண்டர், ஜூலியஸ் சீசர் முதலிய ஒன்பது வீரர்களும், இன்னோர் அறையில் கிரேக்கப் புராணத்தின் ஒன்பது கலைத்தேவியரும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறார்கள். இங்கே உலவுவதாகச் சொல்லப்படும் பச்சைப் பெண் பேய் எந்த அறையில் வரும் என்று விசாரிப்பவர்கள், அந்த அறையின் கூரையையும் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம்.

வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைக் கணிப்பது

நான் செய்த தவறுகளில் இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஜூன் மாதத்தில் அபர்டீனில் இரவு பத்து மணியளவில்தான் சூரியன் மறைகிறது. மாலை ஐந்து மணிக்கும் உச்சிப்பொழுதைப் போல வெயில் அடிக்கும்போது, நாள் இன்னும் மிச்சமிருக்கிறது என்று உடம்பு சொல்லும். ஆனால் கோட்டைக் கதவுக்குச் சூரியனோடு எந்த ஒப்பந்தமும் இல்லை. மூடும் நேரத்துக்கு வெகு முன்பே கடைசி நுழைவு முடிந்துவிடுகிறது. அந்த நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், கிளம்பும் அன்று காலையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஆண்டில் என் மாமனார் மாமியாரைக் கிராத்திஸுக்கு அழைத்துச் சென்றேன். மாமியாருக்குக் கோட்டையில் ஆர்வமில்லை. தோட்டத்தைப் பார்ப்பதற்காகவே வந்திருந்தார். மேல்மாடிச் சன்னலில் நின்று, கீழே வேலிகளுக்கு நடுவே தெரிந்த ஒரு நீலத் திட்டைக் காட்டி, “அது என்ன பூ மாப்பிள்ளை?” என்று கேட்டார். “திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் அத்தை” என்று சொல்லி, கையில் இருந்த தாளின்படி அவர்களை அடுத்த கோட்டைக்கு விரட்டினேன். மூன்றாவது கோட்டையை நாங்கள் அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது. மாமனார் வானத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “இன்னும் பொழுது இருக்கிறதே, மாப்பிள்ளை?” என்றார். மறுநாள் அவர்களுக்கு விமானம். அந்த நீலப் பூ லூபினா டெல்ஃபினியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தோட்டத்தை மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதுதான் இதன் வேர். மதிலுக்குள் ஏறத்தாழ நான்கு ஏக்கரில் இருக்கும் இத்தோட்டத்தை ஒரே பார்வையில் பார்த்து முடிக்க முடியாது. 1702இல் நட்டதாகச் சொல்லப்படும் யூ மர வேலிகள், ஆளுயரத்தைத் தாண்டி, சுவர்களைப் போல அதைப் பிரிக்கின்றன. எட்டுப் பகுதிகளாக அமைந்த அதில், ஒரு பகுதியில் நிற்பவருக்கு அடுத்த பகுதியின் நிறம் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சர் ஜேம்ஸ் பர்னெட்டும் அவர் மனைவி சிபிலும் இதை இன்றைய வடிவில் உருவாக்கினார்கள். சிபில் ஓவியர் வண்ணம் சேர்ப்பதுபோல நிறத்துக்கு நிறம் செடிகளைச் சேர்த்தார். ஓரிடம் வெண்மையும் பச்சையுமாக இருக்கும், இன்னோரிடம் மஞ்சளும் சிவப்புமாக எரியும். அவர் நினைவாகப் பின்னர் ஒரு பொன்னிறத் தோட்டமும் அமைக்கப்பட்டது. ஜூன் மலர்ப்பாத்தியின் கீழ்முனையில் நின்று திரும்பினால், இருபுறமும் பூக்கள் ஒதுங்கி நிற்க, பாதையின் முடிவில் கோபுரம் எழும். அந்த இடத்திற்கு மட்டுமே கால் மணி நேரம் வேண்டும்.

ஆகவே மழையில்லாத காலையாக இருந்தால் தோட்டத்தில் தொடங்குங்கள். தூறினால் கோட்டைக்குள் முதலில் சென்று, மேல்மாடிச் சன்னலிலிருந்து வேலிகளின் அமைப்பைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். எப்படியானாலும் தோட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நாளில் இன்னொன்றும் பார்த்தே தீர வேண்டும் என்றால், அருகிலிருக்கும் டிரம் போதும். குளிர்காலத்தில் கணக்கு தலைகீழாகும்: டிசம்பரில் பிற்பகல் மூன்றரைக்கே சூரியன் மறைந்துவிடும்.

ஒரே அட்டை எல்லா இடத்துக்கும் செல்லும் என்று எண்ணுவது

எடின்பரோ, ஸ்டெர்லிங் கோட்டைகளைப் பராமரிப்பது வேறோர் அமைப்பு. அங்கே வாங்கிய உறுப்பினர் அட்டை கிராத்திஸில் செல்லாது. வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

குதிகால் செருப்பு

திருகுப் படிக்கட்டு குறுகலானது. படிகள் ஒரே அளவாகவும் இல்லை. வேண்டாம்.

குடை

காற்று பிடுங்கிக்கொண்டு போகும். தலைமூடி வைத்த மழைச்சட்டை போதும்.

யூ மரத்தின் சிவப்புப் பழம்

இலையுதிர் காலத்தில் குழந்தைகளுடன் செல்பவர்கள் கவனிக்க வேண்டும். பழத்தின் சிவந்த சதையைத் தவிர, உள்ளே இருக்கும் விதை முதல் இலை வரை அனைத்தும் நஞ்சு. வேலியோரமாக நடக்கும்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.